சாவடியில் படுத்த சன்னியாசி

சேலத்துக்கு எதற்காகப் போகிறீர்கள் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். மாம்பழம் வாங்க என்பார் ஒருவர். ஏற்காட்டுக்கு என்பார் இன்னொருவர். மாப்பிள்ளைக்கு வெண்பட்டு எடுக்க வேண்டும் என்பார் ஒரு மாமா. நாமக்கல் என்றாலோ ஆஞ்சநேயர், முட்டை, லாரி, இந்த மூன்றுக்குள் பேச்சு முடிந்துவிடும். நான் கிளம்பியது நாலு நூறு வருஷத்துக்கு முந்திய ஓர் ஆசாமியைத் தேடிக்கொண்டு! ஆகையால்தான் என் வீட்டிலேயே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

நீங்களும் கூட வருகிறீர்களா? வாருங்கள், நாமக்கல்லிலிருந்தே ஆரம்பிப்போம்.

நாமகிரி என்னும் அந்த ஒற்றைப் பாறையை நீங்கள் பார்த்திருக்கலாம். ஊர் நடுவில் சுமார் இருநூறு அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. உச்சியில் கோட்டை. அதைக் கட்டியவர் சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் என்று ஒரு கட்சி. மைசூர் அதிகாரி லட்சுமி நரசய்யா என்று இன்னொரு கட்சி. வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இராமச்சந்திர நாயக்கர் என்ற பெயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அவர் நமக்கு வேண்டும்.

சேந்தமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டந்தான். கொல்லிமலை கிட்டே கிட்டே வந்துகொண்டே இருக்கும். இரு பக்கமும் குச்சிக்கிழங்குத் தோட்டங்கள். வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். இங்கே அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். உங்கள் வீட்டுப் பாயசத்து ஜவ்வரிசி பெரும்பாலும் இந்தப் பக்கத்து மண்ணில் விளைந்ததுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "ஏனுங்க, மலைக்குப் போறீங்களா?" என்று விசாரித்தார். மலைக்குப் போகிறவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து முன்கூட்டியே எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். என்னிடம் எலுமிச்சம்பழம் இல்லாததைக் கண்டு அவருக்குக் கவலை.

"இல்லைங்க, சேந்தமங்கலத்துக்குத்தான். அந்தக் காலத்தில் இங்கே ஒரு சாமியார் வந்தார். அவரைப் பற்றி..."

"சாமியாருங்களா? சன்னியாசிக் கரட்டுக்குப் போங்க. தத்தாத்ரேயர் கோயில் இருக்குது. அவதூத சாமி சமாதியும் அங்கேதானுங்க."

அவர் சொன்னது வேறு சாமியார். ஆனால் அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கரட்டுக்கே சன்னியாசியின் பெயரைக் கொடுத்த ஊர் இது. துறவியைக் கண்டால் தலை குனிகிற மண். நான் தேடி வந்தவரும் இதை நம்பித்தான் வந்திருக்க வேண்டும்.

அவர் பெயர் ராபர்ட் டி நொபிலி. தமிழில் தத்துவ போதக சுவாமி. 1577-ல் ரோமாபுரியில் பிரபு வம்சத்தில் பிறந்தவர். பெல்லார்மின் என்ற பெரிய கார்டினல் அவருக்கு உறவு. மூன்றாம் ஜூலியஸ் என்ற போப்பாண்டவரும் உறவு வகைதான். இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் அவரும் ஒரு சிவப்புத் தொப்பி கார்டினலாகியிருப்பார். அதை விட்டுவிட்டு ஏசு சபைத் துறவியாகி, 1605-ல் கோவாவில் வந்து இறங்கினார். 1606-ல் மதுரை சேர்ந்தார்.

அங்கே அவருக்கு முன்னால் வந்திருந்த ஒரு பாதிரியார் பதினோரு வருஷம் உழைத்தும் உள்ளூர்வாசி ஒருவர்கூட மதம் மாறவில்லை. காரணம் மிகவும் எளிது. வந்தவர்கள் பரங்கிகள். மாட்டு மாமிசம் தின்பவர்கள், குடிப்பவர்கள், தோல் செருப்போடு வீட்டுக்குள் வருபவர்கள். அவர்களோடு பேசினாலே தீட்டு என்று ஊர் ஒதுங்கி நின்றது. நொபிலி இதைப் பார்த்தார். கறுப்பு அங்கியைக் கழற்றினார். காவி உடுத்தார். காலில் பாதக்குறடு. மாமிசத்தையும் மதுவையும் விட்டு ஒரு வேளைச் சோறு. சிவதர்மர் என்ற பிராமணரிடம் சம்ஸ்கிருதம் கற்றார். தமிழில் ஞானோபதேச காண்டம் முதலான பெரிய பெரிய நூல்களை எழுதினார். கோவில், பூசை, குரு, வேதம் என்று கத்தோலிக்கர்கள் இன்றும் சொல்லுகிறார்களே, அந்த வழக்கு வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இதையெல்லாம் வேஷம் என்று சொன்னவர்கள் உண்டு. இந்துக்கள் மட்டும் அப்படிச் சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவருடைய சொந்த ஆட்களே சொன்னார்கள்! குடுமி, பூணூல், சந்தனம் இவையெல்லாம் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்று கோவாவில் 1619-ல் ஒரு பெரிய விசாரணை நடந்தது. ஆர்ச் பிஷப்பே எதிர்க் கட்சி. விஷயம் ரோமுக்குப் போயிற்று. கடைசியில் 1623 ஜனவரி 31-ந் தேதி பதினைந்தாம் கிரகோரி போப் அவர் பக்கமாகத் தீர்ப்பு எழுதினார். ரோமிலிருந்து ஒரு கடிதம் கப்பலேறிக் கோவா வந்து சேர அரை வருஷத்துக்கு மேல் பிடிக்கும் காலம் அது. நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடக்கத் தொடங்கியதும் அதே 1623-ல்தான். மதுரையில் திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்த வருஷமும் அதுவே.

திருச்சி வழியாக வந்து அவர் சேர்ந்த ஊர் சேந்தமங்கலம். இப்போது இராமச்சந்திர நாயக்கரைக் கூப்பிடுங்கள். அவர் மதுரைக்குக் கப்பம் கட்டும் சிற்றரசர். வந்த சன்னியாசியை மரியாதையோடு வரவேற்றார். கோவில் கட்ட இடம் தருவதாகவும் சொன்னார். வேறு யாராயிருந்தாலும் அங்கேயே கொட்டகை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நொபிலிக்கோ இன்னும் பெரிய ஊர் ஒன்று கண்ணில் பட்டது. அது சேலம்.

நானும் அப்படியே ராசிபுரம் வழியாகச் சேலம் பஸ்ஸைப் பிடித்தேன். ராசிபுரத்தில் நெய் வாங்கி வரும்படி வீட்டில் சொல்லியிருந்தார்கள். வண்டி நின்ற நேரத்தில் நான் காப்பி குடித்துவிட்டேன். (இதன் விளைவு வீட்டுக்குத் திரும்பிய பின் தெரிந்தது. அதை இங்கே எழுத வேண்டாம்.) வண்டி ஓடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வழியை அவர் கட்டைக் குறடோடு கடந்திருப்பார். வலப் புறம் குன்றுகள், கண்ணுக்கு எட்டிய மட்டும் புன்செய். வழியில் எத்தனை பேர் சோறு போட்டார்களோ!

சேலத்தில் ஒருவரும் போடவில்லை.

வரும்போதே அவருக்கு எதிராகப் பேச்சுக் கிளம்பிவிட்டது. வீடு கொடுப்பார் இல்லை. கதவு திறப்பார் இல்லை. காற்றும் மழையும் வந்து போகிற பொதுச் சாவடியில் படுத்துக்கொண்டார். நாட்கள் போயின. காய்ச்சல் கண்டது. அவருக்கு அப்போது வயது நாற்பத்தாறு. பதினேழு வருஷமாக ஒரு வேளைச் சோற்றில் வாழ்ந்த உடம்பு. கார்டினல்களின் உறவினர், மூன்று மொழிகளில் வாதிட வல்ல பண்டிதர், போப்பே கையெழுத்திட்டுக் காப்பாற்றிய மனிதர். இத்தனையும் சேர்ந்து அந்தச் சாவடித் தூணில் ஒரு கோரைப் பாயைக்கூட விரித்துக் கொடுக்கவில்லை பாருங்கள்.

ஆனால் ஊர் என்பது எப்போதும் ஒரே முகமாக இருப்பதில்லை. வாதம் செய்து யாரும் மசியவில்லை. நோயாளியாகப் படுத்துக் கிடந்ததைப் பார்த்து ஒருவர் மனம் இளகினார். தங்க இடம் கொடுத்தார். அவ்வளவுதான். அந்த ஒரு கூரை கிடைத்தபின் மற்றதெல்லாம் மெல்ல மெல்ல வந்தது. பேச்சுக்கு ஆட்கள் வந்தார்கள். சேலத்தை ஆண்ட நாயக்கரே, சாலப்பட்டி நாயக்கர் என்று மிஷன் வரலாறுகள் அவரைக் குறிப்பிடுகின்றன, அவரைக் கூப்பிட்டுப் பேசி நண்பரானார். குடியிருக்க இடமும் தந்தார்.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். நாயக்கருக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் திருமங்கல நாயக்கர். மூத்தவருக்குரிய பட்டத்தைத் தம்பி பிடுங்கிக்கொண்டதால் ராஜ்யம் இழந்து வாழ்ந்தவர். நம் தொடர்கதைகளில் வருகிற மாதிரி, படை திரட்டித் தம்பி மேல் பாயாமல், இவர் போய் அந்தச் சன்னியாசி முன்னால் உட்கார்ந்தார். இருவரும் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தேன். ஒருவரிடமிருந்து அரண்மனையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மற்றவர் தாமாகவே விட்டுவிட்டு வந்தார். வயிற்றெரிச்சலோடு வாழ்கிறவனுக்கு, அப்படி ஒருவன் சிரித்த முகத்தோடு கீரைச் சோறு சாப்பிடுவதைப் பார்ப்பதே பெரிய உபதேசம் அல்லவா? 1625-ல் திருமங்கல நாயக்கர் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய பிள்ளைகளும் சேர்ந்தார்கள். சேலத்தோடு, இதே சமவெளியில் உள்ள மோரமங்கலமும் அந்த மிஷனின் இருப்பிடமாயிற்று.

கதை இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று நீங்கள் பூரித்துப் போவதற்கு முன் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நொபிலி ஜாதியைத் தொடவில்லை. அது சமூக வழக்கம், சமயத்தைச் சேர்ந்ததல்ல என்பது அவர் கட்சி. ஆகையால் மேல் ஜாதியாரோடு பழகிய அவரால் தாழ்த்தப்பட்ட மக்களோடு பகிரங்கமாகப் பழக முடியவில்லை. அவர்களும் வந்து கேட்டபோதுதான் சங்கடம். அதற்கு ஒரு வழியாக 1640-லிருந்து பண்டார சுவாமிகள் என்று வேறு வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். அவர்கள் எல்லா ஜாதியாரோடும் கலக்கலாம். சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் சாவடியில் கதவடைப்பின் கசப்பை அனுபவித்த மனிதர், இன்னொருவருக்கு அடைத்த கதவை அடைத்தபடியே விட்டது என் மனசுக்குச் சமாதானமாகவில்லை. உங்களுக்கு எப்படியோ!

வெளுத்த துணியோடும் இங்கிலீஷோடும் வந்தவர்கள் கதி என்ன ஆயிற்று என்று பார்த்தால்தான் இவர் செய்ததன் கனம் தெரிகிறது. அமெரிக்காவில் உப்பு ஏரி நகரத்தில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவு இருக்கிறதல்லவா? அவர்களுக்கு 1849-ல் அந்த நகரத்தில் முதல் ஞாயிறு பள்ளியை ஆரம்பித்த ரிச்சர்டு பாலன்டைன், ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 1853 ஜூலையில் சென்னைக்கே வந்தார். மடியில் காசில்லாமல்தான் வந்தார். துணிச்சலில் நொபிலிக்குக் குறைந்தவர் அல்லர். கூட்டம் போட்டார், துண்டுப் பிரசுரங்களும் ஒரு பத்திரிகையும் அச்சிட்டார். எல்லாம் இங்கிலீஷில், கேட்டவர்களும் பெரும்பாலும் பட்டாளத்து வெள்ளைக்காரர்களும் அவர்கள் சுற்றமுந்தான். சேர்ந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். உடல் நலம் கெட்டு, சரியாக ஒரு வருஷத்தில் கப்பலேறிவிட்டார். ஊர் திரும்பும் வழியில் 1855-ல் நானூறு பேர் அடங்கிய வண்டிக் கூட்டத்தை அமெரிக்கப் புல்வெளிகளைத் தாண்டி நடத்திச் சென்ற கெட்டிக்காரர் அவர். அப்படிப்பட்டவருக்கும் சென்னையைத் தாண்டி உள்நாட்டுச் சாவடி ஒன்றில் படுக்கும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

நொபிலி ஐம்பது வருஷம் இந்த நாட்டில் இருந்தார். 1640-ல் மதுரையில் சிறையிலும் அடைபட்டார். கண் பார்வை மங்கிய பிறகு அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். 1648-ல் மயிலாப்பூர் வந்து சேர்ந்தார். அங்கே ஒரு மண் குடிசை. அப்போதும் அதே ஒரு வேளை, அதே கீரை. கண் தெரியாததால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுத, தாம் சொல்லிக்கொண்டு போவார். 1656 ஜனவரி 16-ந் தேதி காலமானார்.

சேலத்தில் இறங்கியவுடன் நான் சுகவனேசுவரர் கோவில் பக்கம் நடந்தேன். கோட்டை மாரியம்மனையும் தரிசித்துவிட்டுத் திருமணிமுத்தாற்றங்கரையோடு போனேன். ஆறு இப்போது இருக்கும் லட்சணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பொழுது சாய்ந்து தூறல் விழ ஆரம்பித்தது. குடை எடுத்து வரவில்லை. பூட்டிய கடை ஒன்றின் திண்ணையில் ஒதுங்கி நின்றேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, நனைஞ்சுகிட்டு நிக்கிறீங்களே, உள்ளே வந்து உக்காருங்க" என்றார்.

போய் உட்கார்ந்தேன். காப்பி வந்தது.