துணி பத்தாது

ஜவுளிக் கடைக்குப் போவது ஒரு குதூகலம் என்று ஆதிகாலத்தில் யாரோ கிளப்பிவிட்டார்கள். அதை நம்பித்தான் ஆடித் தள்ளுபடி என்றாலும் தீபாவளி என்றாலும் ஜனங்கள் தியாகராய நகரில் வந்து மொய்க்கிறார்கள். கடைக்குள் நுழையும் முகங்களைக் கொஞ்சம் பாருங்கள்; பிறகு பையும் கையுமாக வெளியே வரும் முகங்களையும் பாருங்கள். உள்ளே போகும்போது இருந்த களை வெளியே வரும்போது பாதிக்குமேல் போயிருக்கும். கணவன்மார்கள் முகத்தில் அது முழுவதும் போயிருக்கும். அதற்குப் பணம் போனது மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

துணி வாங்குவதில் மூன்று விதமான ஏமாற்றங்கள் உண்டு. மனத்தில் நினைத்த நிறம் கிடைக்காதது ஒன்று. கிடைத்த நிறத்தின் விலை கட்டாதது இரண்டு. நிறமும் விலையும் சரியாக அமைந்து, போட்டுப் பார்த்தால் உடம்புக்குப் பொருந்தாதது மூன்று. முதல் இரண்டையும் வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடித்ததும் மறந்துவிடலாம். மூன்றாவது அப்படிப் போகாது. அது கண்ணாடியிலிருந்து இறங்கி நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும்.

புடவை கட்டுகிறவர்களுக்கு இந்த மூன்றாவது துன்பம் அவ்வளவாகத் தெரியாது. புடவைக்கு அளவு என்பதே கிடையாது. ஆறு கஜம் என்றால் எல்லாருக்கும் ஆறு கஜம். கல்யாணத்தின்போது ஒடிந்து விழுகிறவள் போல இருந்த பெண்ணுக்கும், அவளே மூன்று பெற்று இடுப்பு அகன்ற பிறகும், அதே புடவைதான். கொசுவத்தில் இரண்டு மடிப்புக் குறையும், அவ்வளவே. வேஷ்டியும் இந்தப் பரந்த மனப்பான்மை கொண்ட ஜாதிதான். தைத்த துணி வந்த பிறகுதான் மனிதர்களுக்கு இலக்கம் போடும் வழக்கமும் வந்தது.

என் மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அவளை அழைத்துக்கொண்டு ஒரு பெரிய கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம்; எந்தக் கடையாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். குர்த்தா என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் நாலைந்து எடுப்பதாக உத்தேசம். ஒரு தடவைக்கு மூன்று உருப்படிதான் உள்ளே கொண்டுபோகலாம் என்று கணக்கு. வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, திரைக்குப் பின்னால் போனாள். நான் வெளியே நின்றேன்.

உள்ளேயிருந்து துணி உராயும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு மறுபடியும் உராய்வு. அங்கே நின்றிருந்த விற்பனைப் பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 2021-இல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. ஆசனம் அங்கே எங்கோ இருந்திருக்கலாம். அந்தப் பெண் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னிடம், மனத்தில் எந்தக் கல்மிஷமும் இல்லாமல், "அக்கா, பாப்பாவுக்கு இதுல வராதுக்கா. அவங்களுக்கு உடம்பு கொஞ்சம் ஜாஸ்தி. மேல மாடில பெரிய சைஸ் தனியா இருக்கு, பாருங்க" என்றாள்.

திரை விலகியது. மூன்று குர்த்தாக்களையும் பழையபடி ஒழுங்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள் மகள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி ஒரே ஒரு தோசையோடு எழுந்துவிட்டாள். வழக்கம் நாலு. "பசிக்கலை" என்றாள். மறுநாள் கொடுத்தனுப்பிய சாப்பாட்டில் பாதி டப்பாவிலேயே திரும்பி வந்தது. மூன்றாம் நாள், பத்தே நாளில் மெலிவது எப்படி என்று கைபேசியில் யாரோ உபதேசம் செய்வதை அவள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது எனக்குக் கேட்டது. நான் கதை எழுதிப் பிழைக்கிறவள். என் கதையில் ஒரு பெண் சாப்பாட்டை வெறுத்து எழுந்தால் அதற்குப் பின்னால் ஒரு காதலோ ஒரு சாவோ இருக்கும். இங்கே காரணம் கழுத்துப்பட்டிக்குள் தைத்திருந்த, புளியிலை அகலத்துத் துணுக்கு. அதில் இரண்டு எழுத்துக்கள்.

அந்த எழுத்தை எழுதியவர் யார் என்று தேடிப் படித்தேன். கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் 1939, 1940 ஆண்டுகளில் சுமார் 15,000 பெண்களை நாடா வைத்து அளந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட அளவுகள். அளக்க ஏற்பாடு செய்தது எந்த இலாகா என்கிறீர்கள்? மாட்டையும் கோதுமையையும் கவனித்துக்கொள்கிற விவசாய இலாகா! வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு மற்றவர்களுடையதைத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கணக்கை ஆதாரமாகக் கொண்டு 1958-இல் பெண்களின் ஆயத்த ஆடைகளுக்கு ஓர் அளவுத் திட்டம் வெளியாயிற்று. அது அந்த நாட்டுப் பெண்களுக்கே சரிப்படாமல், 1983-இல் அதை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவரவர் கம்பெனி, அவரவர் அளவு.

நம் தேசத்தில் நம் உடம்பை அளந்து நமக்கென்று ஓர் அட்டவணை போட வேண்டும் என்ற திட்டத்தை மத்திய ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியும் அறிவித்தது 2018-இல்தான். ஆறு நகரங்களில் 25,000 பேரை ஒளிக் கருவி கொண்டு அளப்பது என்று தீர்மானித்தார்கள். அதாவது, அதுவரை நம் கடைகளில் தொங்கிய சட்டைகளுக்கு நம்மில் யாரையுமே சரியாகத் தெரியாது.

இதைப் படித்த கையோடு, வீட்டில் கிடந்த அளவு நாடாவை எடுத்து, மகளின் பீரோவில் இருந்த மூன்று குர்த்தாக்களைத் தரையில் விரித்து அளந்தேன். மூன்றிலும் ஒரே எழுத்துத்தான் போட்டிருந்தது. மார்புச் சுற்றளவு ஒன்றில் 38 அங்குலம், ஒன்றில் 40, ஒன்றில் 41½. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கணக்கினால் ஆறுகிற புண் இல்லை அது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு முன்னறையில் ஓர் அம்மாள் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். கறுப்பு உஷா மிஷின். மோட்டார் பிற்பாடு பொருத்தியது. மகளையும் அவளுடைய பழைய உடுப்புகளையும் அங்கே கூட்டிப்போனேன். அளவெடுக்க நின்றபோது மகள் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நிமிர்ந்து நில்லு கண்ணு. குனிஞ்சா அளவு தப்பாப் போயிடும்" என்றாள் அந்த அம்மாள். பிறகு பென்சிலையும் நோட்டையும் மகள் கையிலேயே கொடுத்து, "நான் சொல்லச் சொல்ல நீயே எழுதிக்கோ" என்றாள். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெண்டைக்காய் எடை சொல்வதுபோல் சொன்னாள். எந்த இலக்கத்துக்கும் புருவம் உயரவில்லை.

பிடிக்கிறது என்று கொண்டுபோயிருந்த குர்த்தாவை அவள் உள்புறம் திருப்பினாள். என் மகளைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்தாள். "துணி பத்தாதுக்கா. உள்ளே ஒரு நூல்கூட விடாம வெட்டியிருக்கான். பக்கத்துல பட்டை கொடுத்துத்தான் தைக்கணும்" என்றாள்.

"எனக்கு உடம்பு ஜாஸ்தியா அக்கா?" என்று மகள் திடீரென்று கேட்டாள்.

அந்த அம்மாள் பல்லில் குண்டூசி கடித்துக்கொண்டிருந்தாள். அதோடேயே, "துணிதான் கண்ணு கம்மி" என்றாள்.

அவள் சமாதானமாக எதையும் சொல்லவில்லை. தையற்காரர்கள் பேச்சே அப்படித்தான். துணி பத்தாது, கழுத்து இறங்கியிருக்கிறது, கை பிடிக்கிறது என்பார்கள். குற்றம் எப்போதும் துணியின்மேல்தான். கடையிலோ குற்றம் உடம்பின்மேல். ஏற்கெனவே வெட்டி முடிந்துவிட்ட துணியை விற்பவர்கள் வேறு என்ன சொல்ல முடியும்?

நம் ரவிக்கைகளின் உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தைக்கத் தெரிந்தவர்கள் பக்கவாட்டில் ஓர் அங்குலமாவது துணியை மடித்து விட்டு, இரண்டு மூன்று வரிசை தையல் போட்டிருப்பார்கள். உடம்பு பூசினால் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் போதும். இளைத்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். என் தாயாரின் கல்யாண ரவிக்கையில் மூன்று வரிசை தையல் இருந்த தடம் தெரியும். இரண்டைப் பிரித்திருந்தாள். நாங்கள் இரண்டு குழந்தைகள். உடம்பு மாறும் என்பது அந்தக் காலத்துத் தையற்காரனுக்குத் தெரிந்திருந்தது. அதற்காக அவன் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை.

காந்தியடிகள் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் முழங்கால் அளவு வேஷ்டிக்கு மாறி, உடைப் பிரச்னையை ஆயுள் முழுவதற்கும் தீர்த்துக்கொண்டார். அவ்வளவு திட சித்தம் நமக்கு இல்லாததால், நாம் பீரோவைத்தான் அவ்வப்போது சீர்திருத்த வேண்டியிருக்கிறது. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உபயோகப்படலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீரோவில் இருந்த அத்தனையையும் கட்டிலில் கொட்டினோம். மூன்று குவியல். உடம்புக்குச் சரியாக இருந்து உடுத்துகிறவை ஒன்று. சரியாக இருந்தும் உடுத்தாதவை இரண்டு. பிடித்திருந்தும் சரியாக இல்லாதவை மூன்று. இரண்டாவது குவியல்தான் மிகவும் உயரமாக இருந்தது. ஒன்றுக்குக் கொக்கி இல்லை. ஒன்றுக்கு ஏற்ற துப்பட்டா இல்லை. என் புடவை இரண்டுக்கு ஃபால்ஸ் நைந்திருந்தது. பாக்கிக்குக் கஞ்சியும் இஸ்திரியும் போட ஆள் இல்லை. ஊசியும் நூலுமாக உட்கார்ந்து ஒரே வாரத்தில் பாதிக் குவியலை முதல் குவியலில் சேர்த்துவிட்டோம்.

மூன்றாவது குவியல் தையற்கார அம்மாளிடம் போயிற்று. கூடவே என் சுங்குடிப் புடவை ஒன்றும் போயிற்று. கரையும் கொசுவ மடிப்பும் நைந்திருந்தாலும் நடுத்துணி கெட்டியாக இருந்தது. அதில் ஒரு குர்த்தாவும் ஒரு துப்பட்டாவும் வந்தன. உள்ளே கொடுக்கிற லைனிங் துணியை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊற வைத்து உலர்த்திவிட வேண்டும்; இல்லாவிட்டால் தைத்த பிறகு அது சுருங்கி, மேல்துணியைச் சுண்டி இழுக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்த கூலி, கடையில் ஒரு குர்த்தாவுக்குச் சொன்ன விலையைத் தாண்டவில்லை.

அப்புறமும் கடைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் வேறு மாதிரி போனோம். வார நாளில், காலைப் பலகாரம் ஆனதும், கூட்டம் சேருமுன் போனோம். நன்றாகப் பொருந்துகிற பழைய குர்த்தா ஒன்றை மகள் பையில் வைத்துக்கொண்டாள். கடைத்துணியை அதன்மேல் விரித்துப் பார்த்தாள், எழுத்தைப் பார்க்கவில்லை. தோள் தையல் தோள் எலும்பின்மேல் உட்காருகிறதா என்பதுதான் முதல் பரீட்சை. இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம். தோளை மாற்றுவது பெரிய வேலை. திரைக்குப் பின்னால் இரண்டு கையையும் தூக்கி, ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து பார்க்க வேண்டும். உள்ளே தையலுக்கு அப்பால் துணி விட்டிருக்கிறானா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். விடவில்லை என்றால் கொஞ்சம் தாராளமானதையே எடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். இறுக்கமானதைப் பெரிதாக்க வழி கிடையாது. இரண்டு எடுத்தாள். அதில் ஒன்று அந்த மாடியில் தனியாக வைத்திருந்த வரிசையிலிருந்துதான்.

தோசை மூன்றுவரைக்கும் திரும்பி வந்திருக்கிறது. நாலாவதை நான் வற்புறுத்துவதில்லை. சில காலைகளில் கண்ணாடிக்கு முன் பக்கவாட்டில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். அடுப்பங்கரையிலிருந்தே எனக்குத் தெரிகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் குரல் கொடுக்கிறேன். அவளும் மூச்சை விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொள்கிறாள்.