காயம் சொல்லும் சேதி

உடற்புண்ணுக்கு மருந்திடும் கைகள் நம்மிடையே பல உள. உளப்புண்ணைக் கண்டறியும் கண்களோ சிலவே. அவ்விரு புண்களும் ஒருங்கே கூடிநிற்கும் ஒரு துன்பத்தைப் பற்றி இத்திங்கள் எழுத விழைகின்றோம். தன் உடலைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமே அது. நம் வீடுகளில் அதைப் பற்றிப் பேசுவாரில்லை. ஆயினும் அது நம் வீடுகளில் இல்லையென்று சொல்வதற்கில்லை.

இரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் தொழில் எமது. சாளரத்தின் வழியே முகங்களைக் காட்டிலும் கைகளையே மிகுதியாய்க் காண்கின்றோம். சீசன் டிக்கெட்டுக்குப் பணம் நீட்டும் மாணவர் கைகளில், வரிசை வரிசையான பழந்தழும்புகளை ஓரிரு முறை கண்டதுண்டு. கண்டவுடன் அக்கை சட்டென உள்ளிழுக்கப்படும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் பாறசாலை முதலிய ஊர்களில், முன்னரே வாழ்ந்த தமிழரும் பிழைப்பின் பொருட்டுப் பின்னர் வந்த நம்மனோரும் கலந்து வாழ்கின்றோம். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்கின்றனர். இரு மொழி அறிதல் பெரும்பேறே. எனினும் மனம் நொந்த வேளையில் இரு மொழியிலும் வாய் திறவாத பிள்ளைகளும் உளர்.

எம் உறவில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாள். ஒருநாள் அவள் முன்கையைத் தாய் கண்டுவிட்டாள். வீடே கலங்கியது. "எல்லாம் நாடகம்" என்றார் ஒருவர். நான்கு அடி கொடுத்தால் தீரும் என்றார் மற்றொருவர். மந்திரவாதியை அழைக்கவும் பேச்செழுந்தது. பாட்டி மட்டும் அருகில் அமர்ந்து, "மக்களே, ஒனக்கு எங்க நோவுது?" என்று கேட்டாள். நெடுநேரம் கழிந்தபின் அப்பெண் பேசத் தொடங்கினாள். வகுப்பில் தன் பேச்சை எள்ளி நகையாடியதும், தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் இரவெல்லாம் வருத்தியதும் அன்றுதான் வெளிவந்தன.

அது நாடகமன்று. நேர்த்திக்கடனாக அலகு குத்துவோர் ஊரார் முன்னிலையில் குத்துகின்றனர். இதுவோ தாழிட்ட அறைக்குள் நிகழ்ந்து, துணியால் மறைக்கப்படுவது. பிறர் பார்வையை நாடுவோர் காயத்தை ஒளிப்பரோ?

பெரும்பாலும் சாவை நாடி இதனைச் செய்வதில்லை என்கின்றனர் உளநூலார். தாங்கவொண்ணாத உணர்ச்சிக்கு வடிகாலாகச் சிலர் செய்கின்றனர். உள்ளம் மரத்துப்போய், எதையேனும் உணர வேண்டிச் சிலர். தம்மையே தண்டிக்கச் சிலர். காயத்தின் பின் சிறிது அமைதி பிறக்கிறது. அதனாலேயே பழக்கம் வேரூன்றுகிறது. அவ்வமைதி நில்லாது. நாணமும் குற்றவுணர்வும் தொடர, பழைய துன்பமே மீள்கிறது. பெரும்பாலும் இளம்பருவத்தில் தொடங்குவது இது, ஆண்பிள்ளைகளுக்கும் உண்டு. இவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை இடர் மிகுதியாதலின், இதனை எளிதாக எண்ணுதலும் தகாது.

அமெரிக்க நாட்டு மார்ஷா லினெஹன் அம்மையார் 1961இல், தம் பதினேழாம் வயதில், ஹார்ட்ஃபோர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் இதே துன்பத்துடன் கிடந்தவர். பின்னர் உளநூல் கற்று, இத்தகையோர்க்கென ஒரு சிகிச்சை முறையை வகுத்து, 1993இல் நூலாக்கினார். 2011இல் அதே மருத்துவமனையில் நின்று தம் வரலாற்றை உலகறியச் சொன்னார். அவர் முறையின் சாரம் இரண்டு: உன் துன்பம் மெய்யென ஏற்றல், அதைத் தாங்க வேறு வழி பயிற்றல். நம் பாட்டி அறியாமலே முதற்பாடத்தைச் செய்தாள். இரண்டாம் பாடத்திற்கு மருத்துவர் வேண்டும்.

ஆதலின் நாம் செய்யத்தக்கன இவை. காயத்தைக் கண்டால் கூச்சலிடாது மருந்திடுக. "இனிச் செய்யேன்" என்று சத்தியம் வாங்கற்க. அது மறைப்பையே வளர்க்கும். சாக எண்ணமுண்டா என்று நேரே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் பிறவாது. உண்டென்றால் தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு மருத்துவமனைகள் உள. திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் அரசு மனநல மருத்துவமனை உளது. 2022 முதல் நடைபெறும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கேரளத்தின் திசா உதவி எண் 1056. போலீசு வழக்கு வருமென அஞ்சற்க. தற்கொலைக்கு முயன்றவரையும் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கொண்டு, பராமரிப்பு அளிக்கச் சொல்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்.

எம் உறவுப்பெண் இப்போது முறையாக மருத்துவரிடம் சென்று வருகிறாள். இடையே இருமுறை பழைய வழிக்குத் திரும்பினாள், வீட்டார் சினந்திலர். மூன்றாம் முறை மனம் கொதித்தபோது, அவளே எழுந்துவந்து பாட்டியை எழுப்பினாள். அத்தகைய இரவில் தட்டியவுடன் திறக்கும் கதவாக நம் ஒவ்வொரு வீடும் இருத்தல் வேண்டும்.