மண் கோட்டையைத் தேடி ஒரு பயணம்

தென்றலும் சாரலும் கைகோத்து வரும் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலம் செல்ல விரும்பாத உள்ளம் நம் நாட்டில் உண்டோ? பேரருவியில் தலையைக் கொடுத்து, ஐந்தருவியில் உடல் நனைத்து, ஈரத் துண்டோடு வீடு திரும்பும் குடும்பங்கள் எத்தனை எத்தனை! ஆனால் அவ்வாறு திரும்புவோருள் எத்தனை பேர், தென்காசிக்கு வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், ஆங்கிலேயரின் பீரங்கிகள் ஒரு மண் சுவரின் முன் திகைத்து நின்ற ஊர் இருப்பதை அறிவர்? நாங்களும் பல ஆண்டுகள் அறியாதவர்களாகவே போய் வந்தோம். அக்குறையைத் தீர்க்க எண்ணி, ஓர் ஆடி மாதக் காலையில், பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்றில் இருவராய்ப் புறப்பட்டோம்.

எங்களைச் சுமந்த வண்டிக்கும் ஒரு படைக்கலக் கதை உண்டு. இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்னும் இடத்தில் அரசாங்கத்தின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு உதிரிப்பாகங்கள் செய்து கொடுத்த தொடர்பினால்தான் இவ்வண்டியை ஆக்கிய நிறுவனம் ராயல் என்ஃபீல்டு என்ற பெயரைப் பூண்டது. இந்திய அரசு தன் எல்லைக் காவலுக்கென இவ்வண்டிகளைத் தருவித்தது. பின்னர் 1955 இல் சென்னையிலேயே அவற்றை உருவாக்கும் பணி தொடங்கியது. ஆங்கிலேயன் தாயகத்தில் அத்தொழில் நின்றுபோன பின்னும், திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்தது. ஆங்கிலேயரின் போர்த்தடம் தேட அவர்கள் நாட்டில் பிறந்து தமிழ் மண்ணில் வளர்ந்த வண்டியே துணையானது எங்களுக்கு வியப்பாயிருந்தது.

காசி விசுவநாதர் ஆலயத்தின் ஒன்பது நிலைக் கோபுரம் பின்னால் மறைய, கடையநல்லூரைக் கடந்தோம். இடப்புறம் முகில் மூடிய மேற்கு மலைத் தொடர். வலப்புறம் வயலும் குளமும் பனை வரிசையும். பழைய பாளையங்களுள் ஒன்றான சொக்கம்பட்டியும், எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற புளியங்குடியும் அடுத்தடுத்து வந்தன. காரில் சென்றிருந்தால் கண்ணாடிக்கு அப்பால் நழுவியிருக்கும் காட்சிகள், இங்கே காற்றாகவும் மண் வாசனையாகவும் எங்கள்மீதே மோதின. இம்மலையும் குளங்களும் அன்று வெறும் அழகுப் பொருள்கள் அல்ல. மலை, தோற்றவனுக்குப் புகலிடம். குளம், விளைச்சலுக்கு உயிர். அவ்விளைச்சலில் வரி கேட்டதால்தான் போரே மூண்டது.

ஆர்க்காட்டு நவாபு தமக்குரியதென்று கருதிய வரியைத் தண்ட, கம்பெனியின் படை துணை வந்தது. 1755 இல் கர்னல் ஹெரான், நவாபின் தமையனார் மாபூஸ்கானுடன் நெல்லைச் சீமைக்குள் நுழைந்தார். நெற்கட்டும்செவல் பாளையக்காரரான பூலித்தேவரிடம் இருபதாயிரம் ரூபாய் கேட்டார். முற்றுகைக்குப் போதிய குண்டும் உணவும் ஹெரானிடம் இல்லை என்பதை அறிந்த தேவர், கொடுக்க மறுத்துவிட்டார். வந்த படை வெறுங்கையோடு மதுரைக்குத் திரும்பியது. ஹெரானோ பின்னர் இராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவியையே இழந்தார்.

வாசுதேவநல்லூரை அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது, வண்டியும் நின்றுவிட்டது. ஒரு தேநீர்க் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி, அங்கிருந்த முதியவரிடம் கோட்டை எங்கே என வினவினோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மண்ணுல எடுத்த கோட்டை மண்ணோட போச்சு ஐயா. பேரு மட்டும் நிக்கி” என்றார்.

இவ்வூரில்தான் 1767 இல் கர்னல் டொனால்டு காம்பெல் முற்றுகையிட்டார். பீரங்கிக் குண்டுகள் அக்கோட்டையின் இறுகிய மண் சுவரைத் துளைத்தனவேயன்றி எளிதில் சரிக்கவில்லை. உடைப்பு விழுந்த இடங்களில் காவலர் வைக்கோலையும் பனைமரங்களையும் இட்டு அடைத்தனர். அடைத்தவர் வீழ்ந்தால் அவ்விடத்தில் அடுத்தவர் வந்து நின்றார். இதைச் சொல்பவர் நம் புலவர் அல்லர். எதிரில் நின்று சுட்ட காம்பெலே அவர்தம் வீரத்தை வியந்து எழுதி வைத்தார். முடிவில் பெருமழையின் மறைவில் பூலித்தேவர் தம்மவருடன் மலைக்குள் மறைந்தார். அதே மலையடிவாரத்தில், அதே போன்றதொரு மழையில் ஒதுங்கி நின்ற எங்களுக்கு, இருநூற்றைம்பது ஆண்டுகள் ஒரு கணத்தில் சுருங்கிவிட்டது போன்ற உணர்வு எழுந்தது.

மழை வெறித்ததும் வண்டியும் மனம் இரங்கியது. சங்கரன்கோவில் செல்லும் பக்கமாகத் திரும்பி நெற்கட்டும்செவலை அடைந்தோம். பூலித்தேவருக்கு அரசு எழுப்பிய நினைவு மாளிகை அங்கே இருக்கிறது. அவருடைய படைத் தலைவரென மக்கள் போற்றும் ஒண்டிவீரனுக்கும் அப்பகுதியில் நினைவிடம் உண்டு. 2022 இல் அவர் பெயரால் அஞ்சல் தலையும் வெளிவந்தது. அரண்மனையில் இருந்தவரை மட்டுமன்றி, அவருக்காகக் களத்தில் நின்ற எளியவரையும் நாடு நினைவு கூர்வது நெஞ்சுக்கு நிறைவளித்தது.

ஆயினும் அன்று எங்கள் உள்ளத்தை அதிகம் அலைக்கழித்தவர் மூன்றாமவர் ஒருவர். 1761 இல் பூலித்தேவரின் கோட்டைகளைக் கம்பெனிக்காகக் கைப்பற்றியவர் ஆங்கிலேயர் அல்லர். இராமநாதபுரச் சீமையில் பிறந்து, கம்பெனிப் படையில் தளபதியாய் உயர்ந்த யூசுப்கானே அவர். பிறகு மதுரையை ஆண்ட அவர், நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். 1764 அக்டோபர் 15 ஆம் நாள் மதுரையிலேயே தூக்கிலிடப்பட்டார். எவருக்காகக் கோட்டைகளை வென்றாரோ அவர்களே மூன்றாண்டுகளில் அவருக்குக் கயிறு முறுக்கினர். நெற்கட்டும்செவலில் நின்று அவரை நினைக்கையில் வெறுப்பு எழவில்லை, இரக்கமே எழுந்தது. தமிழ் மண்ணில் பிறந்த இரு வீரரை மோதவிட்டு வரி வாங்கிய கணக்கு அன்றோ இது!

மாலையில் குற்றாலம் சேர்ந்தோம். போர் ஓய்ந்தபின் ஆங்கிலேயர் இங்கே வேறு முகத்தோடு வந்தனர். கம்பெனியார் சாதிக்காய், கிராம்பு, இலவங்கத் தோட்டங்களை இம்மலைச் சரிவில் அமைத்தனர். 1830-களில் தாவரவியல் அறிஞர் இராபர்ட் வைட் இக்காடுகளில் செடிகொடிகளைத் தேடித் திரட்டினார். வெயிலுக்கு அஞ்சிய அதிகாரிகள் சாரலில் இளைப்பாறினர். பீரங்கி கொணர்ந்தவரின் நாட்டாரே கன்றும் கொணர்ந்தனர். இரண்டையும் மறவாமல் சொல்வதே நேர்மையான வரலாறாகும்.

பேரருவியின் இரைச்சலைக் கேட்டபடி, ஈர உடையோடு அமர்ந்து அன்றைய நாளை எண்ணிப் பார்த்தோம். கோட்டை கரைந்துவிட்டது, அதை எதிர்த்தவரின் பேரரசும் கரைந்துவிட்டது. மண்ணை அள்ளி உடைப்பை அடைத்தவனின் நெஞ்சுரம் மட்டும், அவனுடைய பகைவனின் எழுத்திலேயே நிலைத்து நிற்கிறது.

அடுத்த முறை குற்றாலம் செல்லும் பெற்றோர் ஒரு பகற்பொழுதை வடக்கே செலவிடுவார்களாக. அங்கே பிள்ளைகளுக்குக் காட்ட உயர்ந்த மதில்கள் இல்லை. மலையைக் காட்டுங்கள், வயலைக் காட்டுங்கள். பின் அங்கே நின்றவர்களின் கதையை நீங்களே சொல்லுங்கள். அருவியின் ஈரம் வீடு சேருமுன் உலர்ந்துவிடும். இக்கதையின் ஈரம் அவர்கள் நெஞ்சில் நெடுநாள் நிற்கும்.