நீதானே உடைச்சே?

போன தீபாவளி லீவில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு காரியம் செய்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வாசலில் பூந்தொட்டி உடைந்து கிடந்தது. அக்கா மகளுக்கு நான்கு வயது. "நீதானே உடைச்சே?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். "பொய் சொல்லாதே, பாட்டி பார்த்தாங்களாம்" என்று சும்மா அடித்துவிட்டேன். மூன்றாவது தடவை கேட்டதும் "ஆமா சித்தி" என்றாள். பந்து எறிந்தேன், அது பட்டு உடைந்தது என்று கதையும் சொன்னாள். சாயங்காலம் அம்மா சொன்னார், தொட்டியைத் தள்ளியது பூனையாம்!

இத்தனைக்கும் நான் படிப்பது உளவியல். லீவு முடிந்து போனால், வகுப்பில் மெக்மார்ட்டின் வழக்கு.

1983-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளி மீது பாலியல் புகார் எழுந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பொம்மைகளை வைத்துக்கொண்டு விசாரித்தார்கள். 'மற்ற பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள்' என்றார்கள். சொன்ன குழந்தையைப் பாராட்டினார்கள். நான் செய்ததும் கிட்டத்தட்ட இதுதானே? வழக்கு 1990-ல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. உண்மையில் என்ன நடந்தது என்பதை அந்தக் கேள்விகளிலிருந்து பிரித்தெடுக்கவே முடியவில்லை.

1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அதே முறையில் 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். நடக்காத விஷயங்களைக் கேட்டபோது 58 சதவீதம் 'ஆமாம்' என்ற பதில் வந்தது. அதுவும் ஐந்து நிமிடத்துக்குள்! தூண்டும் கேள்விகளை மட்டும் கேட்டபோது அது 17 சதவீதம்தான்.

அதனால் குழந்தைகள் பேச்சை நம்பக்கூடாது என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். "என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் நான்கு வயதுக் குழந்தையும் நடந்ததைச் சொல்லும். கேட்பவர் தப்பாகக் கேட்டால் நிரபராதி மாட்டலாம். நிஜமாகவே பாதிக்கப்பட்ட குழந்தையின் வாக்குமூலமும் கோர்ட்டில் உடைந்து, குற்றவாளி தப்பலாம். இரண்டுமே அநியாயம்.

நம் நாட்டில் 2012-ல் வந்த போக்சோ சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. போலீஸ்காரர் சீருடையில் வந்து வாக்குமூலம் வாங்கக்கூடாது. கோர்ட்டில் வக்கீல்கள் குழந்தையை நேரடியாகக் கேட்க முடியாது, நீதிபதி மூலமாகத்தான் கேட்க வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்னாலேயே வீட்டில் யாரோ ஒருவர் முதல் கேள்வியைக் கேட்டுவிடுகிறோமே!

பொங்கலுக்குப் போனபோது அக்கா மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்புறம் ஏன் ஆமான்னு சொன்னே?" என்றேன்.

"நீதான் கேட்டுக்கிட்டே இருந்தியே சித்தி."