டெல்லி: முதல் இரண்டு மணி நேரம்

புதிதாக வந்திறங்கும் வெளிநாட்டுப் பயணி ஏமாறுவதும் தப்புவதும் பெரும்பாலும் விமான நிலையத்துக்கும் விடுதிக்கும் இடையிலேயே முடிவாகிவிடுகிறது.

இரவு மணி 2. டெல்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தின் மூன்றாவது முனையத்தில் பகலைப் போலவே கூட்டம். ஐரோப்பாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டித்தான் தரையிறங்குகின்றன. குடியேற்றப் பிரிவின் சுவரில் பிரம்மாண்டமான கைகள் முத்திரை காட்டி வரவேற்கின்றன. கட்டடத்துக்கு வெளியே வேறு கைகள் காத்திருக்கின்றன. ஒன்று பெட்டியைப் பிடிக்கிறது, இன்னொன்று “டாக்சி, சார்?” என்று தோளைத் தொடுகிறது.

கொரோனாவுக்கு முந்தைய 2019-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டினர் சுமார் 1.09 கோடி பேர். அவர்கள் நுழைந்த வாசல்களில் மிகப் பெரியது டெல்லி விமான நிலையம்தான். ஆகவே டெல்லியில் ஒரு பயணிக்குக் கிடைக்கும் முதல் அனுபவம் டெல்லியோடு நிற்பதில்லை. ஜெய்ப்பூரில் தேநீர் தரும் கடைக்காரரையும் மதுரையில் வழி சொல்லும் மாணவரையும் அவர் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

புறப்படும் முன்பே...

டெல்லிப் பயணத்தின் முதல் பொறி டெல்லியில் இல்லை, கணினித் திரையில் இருக்கிறது. 2014-ல் தொடங்கிய மின்னணு விசா முறை வேலையை எளிதாக்கியது. கூடவே அரசின் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்களும் முளைத்தன. அவை கூடுதல் கட்டணம் கறந்துவிடுகின்றன. அரசுத் தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்றுதான் முடியும். அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

பெட்டியில் என்ன இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். மின் சிகரெட்டுக்கு இந்தியாவில் 2019 முதல் தடை. மலையேறுபவர்கள் சாதாரணமாக வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றிக் கொண்டுவந்தால் காவல் நிலையம் வரை போக நேரலாம்.

விடுதியை முன்கூட்டியே பதிவு செய்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாம் என்று சில மலிவு விடுதிகள் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கையை விரித்துவிடுகின்றன. நள்ளிரவில் பெட்டியோடு தெருவில் நிற்பதைவிட, “வெளிநாட்டினரை ஏற்பீர்களா?” என்று முன்னதாகவே கேட்டுவிடுவது மேல்.

கையில் இருக்க வேண்டிய சீட்டு

பகலில் வருபவருக்குக் கவலை குறைவு. 2011-ல் தொடங்கிய விமான நிலைய மெட்ரோ சுமார் 20 நிமிடத்தில் புது டெல்லி ரயில் நிலையத்தில் கொண்டுவிடுகிறது. கட்டணம் நூறு ரூபாய்க்குள். ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு மெட்ரோ ஓடுவதில்லை. அப்போது இருப்பவை மூன்று வழிகள்: விடுதியே அனுப்பும் கார், செல்பேசி செயலியில் அழைக்கும் கார், முன்பணம் கட்டிப் பிடிக்கும் ‘பிரீபெய்டு’ டாக்சி. முதல் இரவுக்கு விடுதிக் கார்தான் நிம்மதி. சில நூறு ரூபாய் கூடுதலானாலும் தூக்கத்துக்குக் கொடுத்த விலை என்று நினைத்துக்கொள்ளலாம்.

போக்குவரத்துக் காவல் துறையின் பிரீபெய்டு முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டிய பணத்துக்கு ஒரு சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டைக் காட்டினால்தான் ஓட்டுநருக்குக் கூலி கிடைக்கும். எனவே விடுதி வாசலில் இறங்கும்வரை அது பயணியின் கையிலேயே இருக்க வேண்டும். பாதி வழியில் “சீட்டைக் கொடுங்கள்” என்று கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

பாதி வழியில் வேறொரு நாடகமும் நடப்பதுண்டு. “அந்தப் பக்கம் கலவரம், சாலையை மூடிவிட்டார்கள்” என்பார் ஓட்டுநர். அல்லது “உங்கள் விடுதியில் இடமில்லையாம்” என்று தன் செல்பேசியிலிருந்தே எண்ணைப் போட்டுக் கொடுப்பார். மறுமுனையில் பேசுபவர் விடுதிக்காரர் அல்ல, ஓட்டுநரின் கூட்டாளி. கார் போய் நிற்குமிடம் கமிஷன் கொடுக்கும் வேறொரு விடுதி. மருந்து எளிது. விடுதியின் எண் பயணியின் செல்பேசியில் இருக்க வேண்டும். அழைப்பவரும் அவராகவே இருக்க வேண்டும்.

“அலுவலகம் எரிந்துவிட்டது!”

மறுநாள் காலைக் காட்சி புது டெல்லி ரயில் நிலையத்தில். ஆக்ராவுக்கு டிக்கெட் எடுக்க வரும் பயணியை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒருவர் பஹார்கஞ்ச் பக்க வாசலிலேயே நிறுத்துகிறார். “வெளிநாட்டினருக்கான அலுவலகம் மூடிவிட்டது”, “இடம் மாறிவிட்டது”, “எரிந்துவிட்டது” என்று காரணங்கள் மாறும். முடிவு மட்டும் ஒன்றுதான்: ஆட்டோவில் ஏற்றிக் கன்னாட் பிளேஸ் அருகே ஒரு தனியார் டிராவல்ஸுக்கு அனுப்புவது. அங்கே பலகையில் ‘அரசு அங்கீகாரம்’ என்றிருக்கும். கணினியைத் தட்டி, “எல்லா ரயிலும் நிறைந்துவிட்டது” என்பார்கள். ஆக்ராவுக்குப் போக வந்தவர் காஷ்மீர் படகு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு வெளியே வருவார்.

ஏற்கெனவே இணையத்தில் டிக்கெட் எடுத்தவரையும் விடுவதில்லை. “முத்திரை குத்தாவிட்டால் செல்லாது” என்று மிரட்டுவார்கள். மின் டிக்கெட்டுக்கு எந்த முத்திரையும் தேவையில்லை. இருக்கை உறுதியான தகவலும் பாஸ்போர்ட்டும் இருந்தால் நேரே ரயிலில் போய் உட்காரலாம். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். புது டெல்லி, பழைய டெல்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன், ஆனந்த் விஹார் நான்கும் வெவ்வேறு திசைகளில் இருக்கின்றன.

இந்தியில் பேசத் தெரியாமல் வந்திறங்கும் தமிழருக்கும் இதே நிலையத்தில் இதே கதிதான். வித்தியாசம், தமிழரிடம் கறக்க டாலர் இருக்காது என்பது மட்டுமே.

இரண்டு விலை

எல்லாக் கூடுதல் விலையும் மோசடி அல்ல. நினைவுச் சின்னங்களில் அரசே இரண்டு கட்டணம் வைத்திருக்கிறது. தாஜ் மஹாலுக்கு உள்நாட்டினர் 50 ரூபாய், வெளிநாட்டினர் 1,100 ரூபாய். கல்லறை மண்டபத்துக்கு இருவருக்கும் தனியாக 200. சார்க் நாட்டினருக்குச் சலுகை உண்டு. 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் ஓ.சி.ஐ. அட்டை உள்ள இந்திய வம்சாவளியினர் உள்நாட்டுக் கட்டணமே செலுத்தலாம். தாஜ் மஹால் வெள்ளிக்கிழமைகளிலும் செங்கோட்டை திங்கட்கிழமைகளிலும் மூடியிருக்கும்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். நவம்பரில் புகை மூட்டம் நெஞ்சை அடைக்கும்; ஆஸ்துமாக்காரர்கள் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் விமானங்களும் ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். பிப்ரவரி, மார்ச் மாதங்களே உத்தமம். தனியே வரும் பெண்களுக்கு மெட்ரோவில் 2010 முதல் தனிப் பெட்டி இருக்கிறது. ஆபத்து என்றால் 112. சுற்றுலாத் துறையின் 1363 என்ற எண்ணில் 12 மொழிகளில் இரவு பகலாக உதவி கிடைக்கும்.

யாரை நம்புவது?

இவ்வளவையும் கேட்டுவிட்டு வரும் பயணி எவரையும் நம்பாமல் நடக்கத் தொடங்குகிறார். அதுவும் ஒரு நஷ்டம்தான். பணம் பறிபோவதைவிடப் பெரிய நஷ்டம் என்றுகூடச் சொல்லலாம். இத்தனை தூரம் வந்தும் எந்த மனிதரோடும் பேசாமல் கட்டடங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குப் பயணம் எதற்கு?

ஒரே ஒரு விதி போதும். தானாகத் தேடி வந்து உதவுபவரிடம் எச்சரிக்கையாக இருப்பது; பயணியே தேடிப் போய்க் கேட்பவரை நம்புவது. ரயில் நிலைய வாசலில் ஓடி வருபவருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. மருந்துக் கடைக்காரருக்கும் பெட்டியில் அடுத்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கும் அப்படி ஒன்றுமில்லை. கேட்டால் வழி சொல்வார்கள். சில நேரம் கூடவே வந்தும் காட்டுவார்கள்.

சந்தேகம் தீராதவர்கள் கன்னாட் பிளேஸிலிருந்து நடக்கும் தூரத்திலுள்ள பங்களா சாஹிப் குருத்வாராவுக்குப் போகலாம். தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதை வாங்கி வைப்பவர்கள் சேவைக்கு வந்தவர்கள், கூலி கிடையாது. உள்ளே தரையில் வரிசையாக உட்கார்ந்தால் ரொட்டியும் பருப்பும் வரும். எந்த நாடு, எந்த மதம் என்று எவரும் கேட்பதில்லை. விரும்பினால் சமையல் கூடத்தில் ரொட்டி தேய்த்தும் கொடுக்கலாம்.

ரயில் நிலையத்திலிருந்து இந்த இடம் அதிக தூரமில்லை. இரண்டுமே டெல்லிதான்.