மினுக்கத்தின் விலை

அமிர்தகழியில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து, மாமாங்கக் குளத்தங்கரைக் கடைகள் கழற்றப்பட்டு, வீதிப் புழுதியும் அடங்கிய பின்னரே எமது பழைய காருக்கு வர்ணம் பூசும் வேலையைத் தொடங்கினோம். அது 2023ஆம் ஆண்டின் புரட்டாதி மாதம். கச்சான் காற்றுக் காலத்தில் ஈர வர்ணத்தின்மீது மணல் ஒட்டிக்கொள்ளும். மாரி பிறந்துவிட்டாலோ காற்றின் ஈரம் வர்ணத்தில் வெண்மூட்டமாய்ப் படியும். இரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே இத்தொழிலுக்கு உகந்தவை என்று வர்ணம் பூசும் அண்ணன் நாள் குறித்துத் தந்திருந்தார்.

கார் எமது தகப்பனார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இவ்வகைக் கார், அந்நாட்டில் முதன்முதலாகப் பத்து இலட்சத்தை எட்டிய கார் என்ற பெயரை 1960இன் இறுதியில் பெற்றது. அதனைக் கொண்டாடுவதற்காக, ஆலைக்காரர்கள் முந்நூற்றைம்பது அளவிலான கார்களுக்கு இளம் ஊதா வர்ணம் பூசி வெளியிட்டார்கள். அவர்களுக்கு வர்ணம் கொண்டாட்டம். எமக்கோ அது கவசம். வாவியின் உப்புக்காற்று, வர்ணம் உரிந்த இடத்தைத் தேடிப்பிடித்துக் கறளாக்கிவிடும். புதிய கார் வாங்கும் எண்ணத்துக்கும் இடமிருக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. கராஜில் கேட்ட தொகையோ எமது ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டாதது. ஆகவே வளவிலே கிடுகுக் கொட்டில் போட்டு, அண்ணனை வரவழைத்துப் பாதிச் செலவில் காரியத்தை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

அந்தப் பாதிச் செலவு எங்கிருந்து மிச்சமாயிற்று? இந்தக் கேள்வி முதல்நாள் எமக்குத் தோன்றவில்லை.

அண்ணனுடன் உதவிக்கு ஒரு சிறுவன் வந்தான். அரத்தாளைக் கையிலெடுத்துக் காரின் கதவைத் தேய்க்கத் தொடங்கினான். மேலே சாம்பல், அதன்கீழே நீலம், அடியிலே ஆலை பூசிய பச்சை; மரத்தின் வளையங்களைப்போல் காரின் ஆயுள் தெரிந்தது. நாம் அதைப் பார்த்து மகிழ்ந்து நின்றோம். அப்போது சிறுவன் நிமிர்ந்தான். முகம் முழுவதும் வர்ணத்தூள், புருவம்கூடப் பச்சை. அவன் எமது வகுப்பு மாணவன். மூன்று நாட்களாக அவன் பெயருக்கு நேரே “வரவில்லை” என்று பதிவேட்டில் குறித்தவர்கள் நாமேதான்.

பழைய வர்ணங்களில், குறிப்பாக மஞ்சளிலும் பச்சையிலும், ஈயச் சேர்மானங்கள் கலப்பது அந்நாளைய வழக்கம். ஈயத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதனை வகுப்பறையில் சொல்லிக் கொடுக்கும் நாம், எமது முற்றத்தில் அந்தத் தூளை ஒரு மாணவன் சுவாசிக்க வேடிக்கை பார்த்தோம்.

அண்ணன் கொண்டுவந்த தகரங்களையும் அன்றுதான் கையிலெடுத்துப் பார்த்தோம். இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் வர்ணம் அது, கண்ணாடிபோல் மினுங்கும். அதனை இறுகச் செய்யும் திரவத்தில் ஐசோசயனேற் என்னும் பொருள் உண்டு. அது நுரையீரலை ஒருமுறை பகைத்துக்கொண்டால், பின்னர் அணுவளவு பட்டாலும் ஆஸ்துமாவாக மூச்சை இறுக்கக்கூடும். அபாயமான அளவில் இருக்கும்போதும் அதன் மணம் தெரியாமலிருக்கலாம். தகரத்திலிருந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில். அண்ணன் படித்தது தமிழில், அதுவும் ஐந்தாம் வகுப்புவரை. அவரிடமிருந்த கவசம் ஒரு கைக்குட்டை. அது தூசியைச் சிறிது தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

“மணம் பழகிப் போச்சு சேர். ராவையிலதான் மூச்சு முட்டும்” என்றார் அவர், காலநிலையைப் பற்றிச் சொல்வதுபோல.

வர்ணம் பூசும் தொழிலையே புற்றுநோய் விளைவிக்கும் தொழில்களுள் ஒன்றாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1989இல் வகைப்படுத்தியது. இந்நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் எமது கிடுகுக் கொட்டிலைச் சோதிக்க எந்தப் பரிசோதகர் வரப்போகிறார்? இன்று ஒரு வளவு, நாளை இன்னொரு வளவு என்று அலையும் மனிதருக்கு முதலாளி யார்? அந்த வாரத்தில் அவருடைய முதலாளி நாம்தான். மேடையில் உழைப்பின் மகத்துவத்தைப் பேசும் எமக்கு அந்தச் சொல் முள்ளாய்த் தைத்தது.

வேலையை இரண்டு நாள் நிறுத்தினோம். தூள் பறக்காதபடி நீர் ஊற்றித் தேய்ப்பதென்று தீர்மானித்தோம். தேய்த்தவர்கள் நாமும் அண்ணனும். மினுக்க வர்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐசோசயனேற் கலவாத பழைய நைட்ரோ செல்லுலோஸ் வர்ணத்தை வாங்கினோம். அதன் ஆவியும் தீங்கற்றதன்று. ஆகவே கரி வடிகட்டி பொருத்திய முகமூடியும் வாங்கினோம். அண்ணன் அதை முதலில் கூச்சத்தோடு அணிந்தார். மாலையில் கழற்றும்போது, “தலையிடி இல்ல சேர்” என்றார். சிறுவனின் கூலியை அவன் தாயிடம் கொடுத்தோம். அவன் பள்ளிக்கூடம் வந்தான். அடுத்த மாதம் அந்தக் கூலியை யார் கொடுப்பார் என்று அவன் தாய் கேட்டாள். எம்மிடம் பதில் இருக்கவில்லை.

செலவு கராஜ் கேட்ட தொகையை ஏறத்தாழ எட்டிவிட்டது. நாம் மிச்சம் பிடிக்க எண்ணிய பணம் முழுவதும் ஒரு மனிதனின் மூச்சிலிருந்தும் ஒரு பிள்ளையின் படிப்பிலிருந்தும் வரவிருந்தது என்பதை அந்தக் கணக்கே காட்டியது.

கார் இன்று சற்று மங்கலாகவே நிற்கிறது. பார்க்கும் நண்பர்கள், “இன்னும் கொஞ்சம் மினுங்கியிருக்கலாம்” என்கிறார்கள். மினுங்கியிருக்கலாம்தான். ஆனால் ஒருவருடைய நல்லெண்ணத்தால் வாங்கிய ஒரு முகமூடி, ஊரூராய் வர்ணம் பூசும் அத்தனை பேருக்கும் போதுமா? அவர்கள் ஒன்றுகூடிக் கேட்கவேண்டியதை நாம் தானமாய்க் கொடுத்துவிட்டு மனநிறைவு கொள்ளலாமா? தகரத்திலுள்ள எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதச் சொல்லிக் கேட்பதும், அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளை வகுப்பறையில் நிறுத்தி வைப்பதும் ஆசிரியர்களாகிய எமது வேலையல்லவா?

அண்ணன் அடுத்த வளவுக்குப் போயிருக்கிறார். முகமூடியையும் கொண்டுபோனார். அதன் கரி தீர்ந்ததும் புதியது எங்கே வாங்கலாம் என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.