ஒரு கமா செய்த கலகம்

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எங்கள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளுவார். மீனவ மக்கள் அவரை மாப்பிள்ளை என்று கொண்டாடுவது உங்களுக்குத் தெரிந்ததே. அன்று வரும் கூட்டத்துக்கு எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து அன்னதானம் போடுவோம். கணக்கு எழுதுவது என்னோடு பள்ளியில் படித்த நண்பர்.

பணி ஓய்வுக்குப் பிறகு பொழுது போகாமல் பேரனிடம் பி.எச்.பி.யும் மைஎஸ்க்யூஎல்லும் கற்றுக்கொண்டேன். அந்த வருடம் அன்னதானக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பத்தி முழுவதையும் கூட்ட ஒரே வரி போதும். 'செலக்ட் சம்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் பத்தியின் பெயரையும், அதற்குப்பின் 'ஃப்ரம்' போட்டு அட்டவணையின் பெயரையும் கொடுத்தால் மொத்தம் வந்துவிடும். 'ஆஸ்' என்று அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், பி.எச்.பி.யில் அந்தப் பெயரைச் சொல்லியே எடுத்துத் திரையில் காட்டலாம். முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பிரிவில் விரல் விட்டுக் கூட்டியவனுக்கு இது பெரிய அதிசயம்.

வரவு 86,400 ரூபாய். செலவு 66,412 என்றது கம்ப்யூட்டர். அப்படியானால் கையில் 19,988 இருக்க வேண்டும். நண்பரிடம் இருந்ததோ 7,250. அவர் நோட்டில் செலவு 79,150 என்று இருந்தது.

கூட்டத்தில் ஒருவர், "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்களே" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். நண்பர் நோட்டை என்முன் வைத்துவிட்டு, "நீயே பார்த்துக்கப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வித்தியாசம் 12,738. எண்கள் இடம் மாறியிருந்தால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும்; இது வகுபடவில்லை. வரவு செலவு பக்கம் மாறியிருந்தால் அதில் பாதித்தொகை, அதாவது 6,369, எங்காவது இருக்க வேண்டும், அதுவும் இல்லை. கடைசியில் பழைய வழக்கப்படி பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்தேன். அரிசி, மளிகை 12,750. திரையிலும் அதே 12,750. ஆனால் மற்ற தொகைகளில் கமா இல்லை. இதில் மட்டும் பழைய கைப்பழக்கத்தில் நான் கமா போட்டிருந்தேன்.

தொகைப் பத்தியை எண்ணாக அமைக்காமல் எழுத்தாக அமைத்தது என் முதல் தவறு. எழுத்தைக் கூட்டச் சொன்னால் மைஎஸ்க்யூஎல் முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, கமாவைக் கண்டதும் நின்றுவிடும். 12,750 வெறும் 12 ஆகிவிட்டது. 12,738-உடன் 12-ஐக் கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது.

'ரீப்ளேஸ்' கொண்டு கமாவை எடுத்தேன். பத்தியை 'டெசிமல்' வகைக்கு மாற்றினேன். மொத்தம் 79,150 என்று வந்தது.

விடிந்ததும் நண்பர் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னுடையதுப்பா" என்றேன். அவர் காபி கொடுக்கச் சொன்னார். பிறகு, "மிஷின் சொன்னதுக்கு நான் வருத்தப்படலை. நீ சும்மா இருந்தியே, அதுக்குத்தான்" என்றார்.

அன்று மாலையே எல்லோரையும் கூப்பிட்டு, திரையையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இப்போதும் கம்ப்யூட்டரில்தான் கூட்டுகிறேன். ஆனால் நோட்டோடு ஒத்துப்பார்க்காமல் யாரிடமும் மொத்தத்தைச் சொல்வதில்லை.